நடை மட்டும் போதாது: புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகு காலுக்கு வலு ஏற்றுவது எப்படி

கீமோ முடித்து வீட்டுக்கு வந்தவரிடம் சொந்தபந்தம் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: "நல்லா ரெஸ்ட் எடுங்க." மகள் தண்ணீரைக் கையில் கொண்டுவந்து கொடுப்பாள். பணிப்பெண் இருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம், கீழே விழுந்த ரிமோட்டைக்கூட நம்மைக் குனிந்து எடுக்க விடமாட்டார்கள். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அறுபதைத் தாண்டியவர் இரண்டு மூன்று மாதம் சோபாவிலேயே கிடந்தால் தொடைச் சதை கரைந்துவிடும். கட்டி போயிருக்கும், ஆனால் கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கைப்பிடி தேட வேண்டிவரும்.

நான் சிங்கப்பூரின் செம்பவாங்கில் கப்பல் பட்டறை ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெருங்குடலில் புற்றுநோய் வந்தது, வெட்டி எடுத்தார்கள், பிறகு ஆக்சாலிபிளாட்டின் சேர்த்துக் கீமோ கொடுத்தார்கள். மருந்து நின்ற பிறகும் கால்விரல் மரத்துப்போன உணர்வு மட்டும் என்னோடு தங்கிவிட்டது. நான் மருத்துவன் இல்லை. சிகிச்சை முடிந்தவர்களுக்கும், ஹார்மோன் மாத்திரை அல்லது ஊசியோடு வீட்டில் இருப்பவர்களுக்கும், அதிலும் என் வயதுக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நம்மவர்களைப் பொறுத்தவரை உடற்பயிற்சி என்றால் நடை, அவ்வளவுதான். "டெய்லி வாக்கிங் போறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. நடப்பது நல்லது, அதற்கு உறுதியான ஆதாரமும் இருக்கிறது. 2025 ஜூனில் வெளிவந்த சேலஞ்ச் என்ற ஆய்வு எனக்கு வந்த நோயைப் பற்றியதே. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆரோக்கியக் குறிப்புகள் அச்சிட்ட ஏடு மட்டும். மறு பாதிக்குப் பயிற்சியாளர் துணையோடு மூன்று ஆண்டு உடற்பயிற்சி, பெரும்பாலும் வேக நடை மாதிரியானது. எட்டாம் ஆண்டில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் 83 பேர். மருந்து இல்லாமல் கிடைத்த வித்தியாசம் இது. எல்லாப் புற்றுநோய்க்கும் இதே கணக்கு என்று நீட்டிவிடக் கூடாது, அது வேறு விஷயம்.

ஆனால் நடையால் தொடையில் சதை ஏறாது. வயதும் சிகிச்சையும் சேர்ந்து எடுத்துக்கொண்டுபோன வலுவைத் திருப்பிக் கொண்டுவர, உடம்பு பாரத்தைத் தாங்கியாக வேண்டும். நம் வீடுகளில் இதைத்தான் யாரும் செய்வதில்லை. "இந்த வயசுல வெயிட் தூக்கறதா?" என்று சிரிப்பார்கள். இந்த வயதில்தான் தூக்க வேண்டும்.

முதலில் பெர்மிட்

பட்டறையில் கப்பல் டேங்குக்குள் வெல்டிங் செய்ய ஒருவரும் நேராக இறங்க முடியாது. உள்ளே வாயு இருக்கிறதா என்று சோதித்து, பெர்மிட்டில் கையெழுத்தான பிறகுதான் வேலை. உடம்பும் இப்படி ஒரு டேங்குதான். சிகிச்சை உள்ளே எதை விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது "எக்சர்சைஸ் பண்ணலாமா டாக்டர்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "பண்ணலாம், பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார். கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்.

எனக்குக் கொடுத்த மருந்தோ கதிர்வீச்சோ இதயத்தைத் தொட்டிருக்குமா? டாக்சோரூபிசின், டிராஸ்டுசூமாப் வாங்கியவர்களும் இடது மார்பில் கதிர்வீச்சு எடுத்தவர்களும் கண்டிப்பாக இதைக் கேட்க வேண்டும். எலும்பு எப்படி இருக்கிறது? மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் சாப்பிடும் பெண்களுக்கும், புராஸ்டேட்டுக்கு ஹார்மோன் ஊசி போடும் ஆண்களுக்கும் எலும்பு மெலியும்; ஆண்களுக்குச் சதையும் சேர்ந்து போகும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த இடத்தில் பாரம் படக் கூடாது, எப்படிக் குனியக் கூடாது, திரும்பக் கூடாது என்று பிசியோவிடம் (இயன்முறைச் சிகிச்சையாளரிடம்) நேரில் கற்றுக்கொள்ளாமல் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் தொடங்காதீர்கள். வயிற்றில் வெட்டியவர்கள் எத்தனை கிலோ, எப்போதிலிருந்து தூக்கலாம் என்று சர்ஜன் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டோமா பை (வயிற்றில் போட்ட துளை வழியாகக் கழிவைச் சேர்க்கும் பை) வைத்திருப்பவர்களுக்கு அதன் பக்கத்தில் குடல் பிதுங்கும் அபாயம் இருப்பதால் இது இன்னும் முக்கியம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், பயிற்சி நாளில் அளவை என்ன செய்வது என்றும் கேட்டுவிடுங்கள்.

கூடவே பிசியோவுக்கு ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கத்துக்கு ஜூரோங் ஈஸ்ட் ஜெம் கட்டடத்தில் ஒரு மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. புற்றுநோய் கண்ட உடம்பைத் தெரிந்தவர்கள் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து வடக்கு-தெற்கு ரயிலில் ஏறி உட்கார்ந்தால் கடைசி நிலையம்தான், நடுவில் மாறத் தேவையில்லை.

நாற்காலிச் சோதனை

எங்கே நிற்கிறோம் என்று தெரிய ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு, முழுதாக எழுந்து நின்று உட்காருங்கள், ஐந்து முறை. பக்கத்தில் ஒருவர் கைப்பேசியில் நேரம் பார்க்கட்டும். ஆசியர்களின் தசைத் தேய்வைப் பற்றி 2019இல் ஆசிய மருத்துவக் குழு ஒன்று வகுத்த அளவின்படி, ஐந்து தடவைக்கு 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் காலில் வலு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். கையை ஊன்றாமல் எழுந்திருக்கவே முடியவில்லையா? பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் தொடக்கப் புள்ளி அதுதான். மாதம் ஒரு தடவை இதே நாற்காலியில் பார்த்து நாள்காட்டியில் குறித்து வையுங்கள். எடை பார்க்கும் மெஷினைவிட இது உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். என் மனைவிக்கு இடுப்பும் முட்டியும் ஓயாமல் வலிக்கும், அவரும் என்னோடு இதைச் செய்கிறார். போட்டி என்று வந்துவிட்டால் அவர் என்னை விடுவதில்லை.

வலுப் பயிற்சி, வாரம் இரண்டு நாள்

சோதனைதான் முதல் பயிற்சியும். அதே நாற்காலியில் எட்டிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருங்கள். கொஞ்சம் ஓய்வு, பிறகு இன்னொரு சுற்று, முடிந்தால் மூன்றாவது. உட்காரும்போது தொப்பென்று விழாதீர்கள், மெதுவாக மனத்துக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். இறங்கும்போதும் சதைக்கு வேலை உண்டு. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கி முக்கினால் வயிற்றுத் தையலுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆகாது.

கையை ஊன்றித்தான் எழ முடியும் என்றால் நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், வாரங்கள் போகப் போக மெத்தையைக் குறையுங்கள். மாறாக, பன்னிரண்டு தடவை எழுந்தும் "இவ்வளவுதானா" என்று தோன்றினால் பாரம் சேர்க்கும் நேரம் வந்துவிட்டது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை கிலோ. பிறகு இரண்டு பாட்டில். அப்புறம் பேரன் பள்ளிக்கூடப் பையில் ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம், சர்ஜன் சொன்ன வரம்புக்குள் இருந்தால். பாரம் சரியா என்று கண்டுபிடிப்பது எளிது: சுற்று முடியும்போது இன்னும் இரண்டு மூன்று தடவைக்குத்தான் உடம்பில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். இன்னும் பத்து தடவை செய்யலாம் போலிருந்தால் அது பயிற்சியே இல்லை, பொழுதுபோக்கு.

அடுத்தது அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. அப்புறம் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, கொஞ்சம் சாய்ந்து, தள்ளி எழுவது. முதுகுக்கு ஒரு ரப்பர் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தில் மாட்டி, துடுப்புப் போடுவதுபோல் இடுப்புப் பக்கம் இழுங்கள். இந்த நாலும் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகாது. திங்கள், வியாழன் என்று நடுவில் இடைவெளி விட்டு வையுங்கள், சதை வளர்வது அந்த ஓய்வு நாளில்தான். அடுத்த இரண்டு நாள் தொடை வலிப்பது சகஜம். மூட்டில் குத்துகிற வலி வேறு, அதற்கு நிறுத்திப் பாருங்கள். சேலஞ்ச் ஆய்விலும் பயிற்சி செய்தவர்களுக்கு மூட்டு, தசைத் தொந்தரவு மற்றவர்களைவிட அதிகமாகவே வந்தது, அதை மறைப்பானேன்.

இதெல்லாம் பழகிய பிறகு ஜிம். எங்கள் பக்கம் புக்கிட் கென்பராவில் ஆக்டிவ்எஸ்ஜி என்ற பொது ஜிம் இருக்கிறது. காலால் தள்ளும் மெஷினில் உட்கார்ந்தால் முதுகுக்குத் தாங்கல் இருக்கும், விழவும் பயமில்லை. முதல் நாள் இளவட்டங்கள் மத்தியில் கூச்சமாக இருக்கும். அவர்கள் கண்ணாடியில் தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உங்களை இல்லை. கூச்சம் போகவே இல்லை என்றால் மூத்தோர் நிலையங்கள் சிலவற்றில் ஜிம் டோனிக் என்ற திட்டம் நடக்கிறது, லியன் அறநிறுவனம் தொடங்கியது. இரும்புத் தட்டுக்குப் பதில் காற்றழுத்தத்தில் இயங்கும் ஃபின்லாந்து மெஷின்கள். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், சத்தமும் கிடையாது. சுற்றிலும் நம் வயது ஆட்கள்தான்.

கை வீங்கும் என்று பயப்படும் அக்காமாருக்கு

எங்கள் பிளாக்கில் ஒரு அக்கா. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்தபோது அக்குளில் நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கையால் சந்தைப் பையைக்கூடத் தூக்கக் கூடாது என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பல வருடமாக அந்தக் கையைச் சும்மாவே வைத்திருந்தார். கை வீங்கவில்லை, மெலிந்துவிட்டது. டிஃபன் கேரியர் தூக்கவும் மறு கைதான்.

அந்த அறிவுரை பழையது. 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கனவே கைவீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து ஆராய்ந்தார்கள். பாதிப் பேர் வாரம் இரு முறை, மிகக் குறைந்த பாரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனார்கள். அவர்களுக்கு வீக்கம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. திடீரென்று மோசமாவது குறைந்தது, வலுவும் ஏறியது. இதில் கவனிக்க வேண்டியது "மெல்ல" என்பதுதான். அரைக் கிலோவில் தொடங்குங்கள், வீக்கம் இருந்தால் கை நெடுக இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு வாரம் கையில் மாற்றம் ஏதும் இல்லை என்றால்தான் அடுத்த படி. மோதிரமோ வளையலோ இறுகினால் நிறுத்திவிட்டுப் பிசியோவிடம் காட்டுங்கள். அக்கா இப்போது அரிசிப் பொட்டலத்தை அந்தக் கையால்தான் தூக்கிவருகிறார், கொஞ்சம் எல்லாரும் பார்க்கும்படி.

நடை, வெயில், மழை

நடப்பவர்கள் எவ்வளவு நடப்பது என்று கேட்டால் உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம், ஓரளவு மூச்சு வாங்கும் வேகத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். கீமோ முடிந்த புதிதில் அதை நினைத்து மலைக்காதீர்கள். வீட்டு முன் நடைபாதையில் ஐந்து நிமிடம், காலையும் மாலையும். அடுத்த வாரம் ஏழெட்டு நிமிடம். வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி என்கிற இடத்துக்கு வந்துவிட்டாலே புற்றுநோய்க் களைப்பு குறையத் தொடங்கும் என்று நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. அந்தக் களைப்பு தூங்கினால் போகாது, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சும்மா படுத்திருந்தால் அது இன்னும் கூடும்.

பத்தாயிரம் அடியை மறந்துவிடுங்கள். 1960களில் ஜப்பானில் காலடி எண்ணும் கருவியை விற்க வைத்த எண் அது. சராசரி 72 வயதுப் பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டதில், நாளுக்குச் சுமார் 4,400 அடியிலேயே நல்ல பலன் தெரிந்தது, 7,500ஐத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் பெரிதாக இல்லை. அடி எண்ணும் அரசாங்கச் செயலியான ஹெல்தி 365இல் புள்ளி சேர்த்துப் பற்றுச்சீட்டு வாங்குகிறவர்கள் வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் கடைசி ஐந்நூறு அடிக்காக இரவு பத்து மணிக்கு வரவேற்பறையில் சுற்றிச் சுற்றி வர வேண்டாம்.

இந்த ஊரில் தடை தூரம் இல்லை, வெக்கை. காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்தரைக்கு மேல் கிளம்புங்கள். சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் வெப்ப அழுத்தம் எவ்வளவு என்று காட்டும்: 31க்குக் கீழே குறைவு, 31இலிருந்து 33க்குள் மிதம், 33க்கு மேல் அதிகம். அது வானிலைச் செய்தியில் சொல்லும் வெப்பநிலை இல்லை, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்த கணக்கு. மிதம் என்று காட்டினால் நிழலில் நடக்கிறேன், அதிகம் என்றால் வீட்டிலேயே நாற்காலிப் பயிற்சிதான். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் முதியவர்கள் வெளியே நீண்ட நேரம் நடக்க வேண்டாம். மழை என்றால் கடைத்தொகுதிக்குள் நடங்கள், கடை திறக்கும் நேரத்தில் கூட்டம் இருக்காது.

மரத்த காலும் கோயிலும்

இது என் சொந்தப் பிரச்சினை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆக்சாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், பாக்லிடாக்செல் வாங்கிய பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும். சர்க்கரையும் இருந்தால் இரட்டிப்பு. தரை எங்கே இருக்கிறது என்று கால் சொல்லாததால், அந்த வேலையைக் கண் எடுத்துக்கொள்கிறது. அதனால் இருட்டில்தான் ஆபத்து. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுதும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள், ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுகிறார்கள். நடக்கச் சிலிப்பர் வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் காலணி போடுங்கள், போடும் முன் உள்ளே கையை விட்டுக் கல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

சமநிலைக்குத் தினமும்: பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்துப் பத்து விநாடி நில்லுங்கள். பிறகு ஒற்றைக் காலில். தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

அப்புறம் கோயில். ஈசூனில் இருக்கும் ஹோலி ட்ரீ பாலசுப்பிரமணியர் கோயில் எங்கள் கடற்படைத்தளத்து ஆட்களின் கோயில், பங்குனி உத்திரத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆனால் வெயில் காய்ந்த தரையில் மரத்துப்போன கால் வெறுமனே பட்டால் சுடுவதே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். விடியலிலோ இருட்டிய பிறகோ போங்கள். கோயிலில் அனுமதித்தால் கெட்டிக் காலுறை போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். காவடி, பால்குடம் வேண்டுதல் இருந்தால் இந்த வருடம் பிள்ளைகள் எடுக்கட்டும், முருகன் கோபிக்க மாட்டான். செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்கும் இதே எச்சரிக்கை. ஊற்றில் நீர் 70 டிகிரியில் வெளிவருகிறது, தொட்டிகளில் ஓடி ஆறினாலும் காலை நம்பாதீர்கள். முதலில் முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

சாப்பாடும் சில எச்சரிக்கைகளும்

பாரம் தூக்கியும் புரதம் போதாவிட்டால் சதை ஏறாது. புற்றுநோய் கண்டவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்று ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம்தான். இரண்டு தோசையும் சட்னியும் தின்றுவிட்டுக் கணக்குச் சரி என்று நினைக்காதீர்கள், கூட முட்டையோ தவ்வோ (சோயாக் கட்டி) கெட்டிப் பருப்போ மீனோ இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் உணவியல் நிபுணரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

நெஞ்சுவலி, மயக்கம் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. இரவில் கூடுகிற புது எலும்பு வலியை "வயசாச்சு" என்று ஒதுக்காதீர்கள். இன்னும் கீமோவில் இருப்பவர்களுக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பயிற்சியும் கிடையாது, பனடோல் போட்டுக் காத்திருப்பதும் கிடையாது, நேராக மருத்துவமனை. நெஞ்சிலோ கையிலோ மருந்துக் குழாய் வெளியே தெரிகிறவர்களுக்கு நீச்சல் குளம் வேண்டாம்.

இடையில் சளிக் காய்ச்சல் வரும், ஊருக்குப் போவோம், கல்யாண வேலை வரும், பயிற்சி விட்டுப்போகும். திரும்பத் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். பாரத்தையும் சுற்றையும் பாதியாக்கி ஒரு வாரம் செய்யுங்கள், உடம்பு ஒத்துழைத்தால் அடுத்த வாரம் முக்கால் பங்கு. ஊருக்குப் போகும்போது ரப்பர் பட்டையைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், எடையே இல்லை. நாற்காலி எல்லா வீட்டிலும் இருக்கும். அத்தை சித்தி எல்லாரும் "நோயாளி மனுஷன் என்ன பண்றார்" என்று வேடிக்கை பார்த்தால், அவர்களையும் உட்காரவைத்துக் கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்திருக்கச் சொல்லுங்கள்.